எறும்பு வராத வேலியோரம்

“நீரிழிவு நோயாளி. இனிப்பை அறவே துறந்தவர். எடை இறங்கியுள்ளது. பத்தியத்துக்கு முன்மாதிரி.”

1946-இல் டவுன் டாக்டர் ஒருவர் எழுதிக்கொடுத்த சீட்டு இது. இப்படி எழுதப்பட்டவர் உடையார்பாளையம் உத்திராபதி. மாட்டு வண்டி வைக்கோலுக்குள் வெல்லத்தை ஒளித்து, மாட்டுக்கும் ஒரு பங்கு கொடுத்துத் தின்றவர். பங்கு வாங்கிய சாட்சி காட்டிக்கொடுக்காது என்று நம்பினார்.

மனைவி பஞ்சவர்ணம் வெல்லப் பானை இருந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். ஆனால் பூட்டை அவள் நம்பவில்லை, எறும்பைத்தான் நம்பினாள். காலையில் அவர் வேலியோரம் ஒதுங்கிவிட்டு வந்ததும் பின்னாலேயே போய்ப் பார்ப்பாள். சிறுநீர் விழுந்த மண்ணில் எறும்பு மொய்த்திருந்தால் அன்றைக்கு முழுக்க வசவு.

அந்த ஆவணியில் எறும்பு வரவில்லை.

“வியாதி எறங்கிடுச்சுங்க!” என்று பூரித்தவள், செட்டிகுளம் முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள், தலை அவருடையது. அவர் இடுப்பில் வேட்டி நிற்காமல் நழுவியதும் நல்ல சகுனமாகவே பட்டது. டாக்டருக்கும் அப்படித்தான். நீரிழிவுக்காரர் மெலிந்தால் காரணம் நீரிழிவு. தின்னாவிட்டால் காரணம் ஒழுக்கம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் அவசியமே எழவில்லை.

ஒருநாள் வைக்கோலை உதறியபோது வெல்லம் தொடாமல் கிடந்தது. பஞ்சவர்ணம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

“என்னங்க, இதத் திங்கலயா?”

“ஆசையே வரல புள்ள. சோறும் எறங்க மாட்டேங்குது.”

“திருடித் திங்காதீங்கன்னுதானே சொன்னேன்? ஆசைய வுடச் சொன்னேனா?”

திருச்சிக்கு அழைத்துப்போனாள். அங்கே வயிற்றை அமுக்கிப் பார்த்த பெரிய டாக்டர், இரைப்பையில் புற்று என்றார். அறுக்கும் கட்டம் தாண்டிவிட்டதாம். பழைய வியாதியின் மறைவில் புதியது சௌகரியமாக வளர்ந்திருந்தது.

உத்திராபதி சாவைப் பற்றிப் பேசவில்லை. “ஒரே ஒரு தரம் வெல்லத்து மேல ஆசை வந்தாப் போதும். திங்கக்கூட வேணாம்” என்றார். பஞ்சவர்ணம் தினமும் வேலியோரம் போய்க் குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த எறும்புக்காக இப்போது காத்திருந்தாள்.

தைப் பொங்கலன்று அறையைத் திறந்து, இருந்த வெல்லம் அத்தனையும் போட்டுப் பொங்கினாள். இலையில் வைத்து எதிரே உட்கார்ந்தாள்.

“எப்படி இருக்கு?”

“சாவிய இடுப்புலயே வச்சுக்க. தொறந்து கெடந்தா மிச்சம் வைக்க மாட்டேன்.”

அவர் நாக்கில் இனிப்புத் தெரியவில்லை. வயிற்றில் பசியும் இல்லை. உத்திராபதி இரண்டு வாய் விழுங்கினார். இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார்.