சாதாரணக் கட்டணத்தில் ஒரு வாழ்த்து

புளியங்கூடல் வைத்திலிங்கத்தாருக்கும் தங்கை பரிமளத்துக்கும் இடையில் ஒரு வேலிதான். அந்த வேலியில் நின்ற வேம்பைக் கேட்காமல் தறித்துவிட்டாள் என்று பல வருடமாக அவளோடு அவருக்குப் பேச்சில்லை. இப்போது அவள் மகள் கஜனிக்குக் கலியாணம். தான் போகப்போவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார்.

மனைவி அம்பிகை விடவில்லை. "வராத ஆக்களெல்லாம் தந்தி அடிக்கினம். மைக்கிலை வாசிக்கேக்கை தாய்மாமன்ரை பேர் இல்லையெண்டால் ஆருக்கு வெக்கம்?"

புளியங்கூடல் இருந்த தீவுக்குள் கைத்தொலைபேசி வரத் தொடங்கிய காலம் அது. ஆனாலும் கலியாண வீட்டில் வாசித்தால் அது தந்தியாக இருக்க வேண்டும்.

கலியாணத்துக்கு முதல்நாள் ஊர்காவற்றுறைத் தபால் கந்தோருக்குச் சைக்கிள் மிதித்தார். வேலிக்கு மேலால் எட்டிச் சொல்லக்கூடிய வாழ்த்தை இவ்வளவு தூரம் சுமந்துபோன மனிதர் வேறு எவரும் இருக்க முடியாது. வழியில் ஒரு யோசனை வந்தது. அவசரத் தந்தி அன்றே போய்விடும். சாதாரணத் தந்தி ஆடி அசைந்து, பந்தல் பிரித்த பிறகு போய்ச் சேரும். வாழ்த்தியதாகவும் இருக்கும், வாழ்த்தாததாகவும் இருக்கும். அரசாங்கம் மலிவுக் கட்டணம் வைத்ததே தன்னைப் போன்ற மானஸ்தர்களுக்காகத்தான் என்று அவருக்குப் பட்டது.

"சாதாரணம் காணும், பிள்ளை."

கந்தோரில் இருந்த ஜெனீற்றா நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, இது போய்ச்சேர ரெண்டு மூண்டு நாள் செல்லும். கலியாணம் நாளைக்கெல்லோ?"

"ஓம், ஓம். ஆறுதலாய்ப் போகட்டும்."

பாவம், மனுசனுக்குக் கை இறுக்கம் போல என்று அவள் மனம் இளகிவிட்டது.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் பரிமளம் வீட்டு ஒலிபெருக்கி தந்திகளை வாசித்தது. மாத்தளை, பதுளை, கொழும்பு. பிறகு, "புளியங்கூடலிலிருந்து தாய்மாமன் வைத்திலிங்கம்."

வேலிக்கு இந்தப் பக்கம் வைத்திலிங்கத்தார் திடுக்கிட்டு எழுந்தார். ஜெனீற்றாவுக்கும் கலியாணத்துக்குச் சொல்லியிருப்பார்கள், அவளே தந்தியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள் என்பதை அவர் யோசிக்கவேயில்லை. அவள்மீதும் தபால் இலாகாமீதும் அவருக்குப் பொல்லாத கோபம் வந்தது.

 பிறகு ஒலிபெருக்கியில் பரிமளத்தின் குரல் வந்தது.

"அண்ணை, அங்காலைதானே இருக்கிறியள். வேம்பைத் தறிச்சது என்ரை பிழைதான். வாங்கோ. நீங்கள் வந்தாப்பிறகுதான் பந்தி வைப்பம்."

ஊர் முழுவதும் பசியோடு அவருக்காகக் காத்திருந்தது. அம்பிகை சால்வையை எடுத்து நீட்டினாள். வேட்டி மாற்ற வேண்டியிருக்கவில்லை. பட்டு வேட்டியை அவர் விடியவே கட்டியிருந்தார்.