கடைசி நாலு பக்கம்

நூலகக் கதவைத் திறந்ததும் இவர் முதலில் கரும்பலகையைத்தான் துடைக்கிறார். அதில் எழுத்து ஒன்றும் இல்லை. இருபது நாளாகவே இல்லை. ஆனாலும் சைக்கிள் டியூப் துடைக்கிற ஈரத்துணியால் மூலைமுடுக்கெல்லாம் அழுத்தித் தேய்த்த பிறகுதான் விளக்கைப் போடுகிறார்.

தொழில் பஞ்சர் ஒட்டுவது. ஊரில் பேர் 'சொல்யூஷன்'. டியூபில் தடவுகிற பசைக்கு அதுதான் பேர். எதைக் கேட்டாலும், "இதுக்கு ஒரு சொல்யூஷன் இருக்கு" என்று இவர் ஆரம்பிப்பது இன்னொரு காரணம். சும்மா கிடந்த உரக் கிடங்கை நூலகமாக்கலாம் என்று நாலு பேர் கிளம்பியபோது, அலமாரிக்கு வழியில்லை என்றதும் பழைய டயர்களை அடுக்கிப் பலகை போட்டவர் இவர். உர நாற்றம் போகக் கொத்தனார் மூன்று முறை வெள்ளையடித்தார். தையல்காரம்மா வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டார். பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது இவர். வாசலில் நின்று கேட்க இவருக்குக் கூச்சம். "நீ கேளும்மா, உன் மொகத்துக்குத்தான் குடுப்பாங்க. என்னப் பாத்தா காத்தடிக்க வந்திருக்கேன்னு நெனப்பாங்க."

கிழிந்த புத்தகங்களுக்கு வைத்தியம் இவர் கடையில்தான். முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காயவைப்பார். அட்டையின் உள்பக்கம் பழுப்புத்தாள் ஒட்டி, பேட்ச் இறுக்குகிற திருகில் வைத்து முறுக்கிவிடுவார். நூலகத்தில் பாதிப் புத்தகங்களுக்கு ரப்பர் வாசனை. யாராவது மூக்கைச் சுளித்தால் இவருக்குப் பெருமையாக இருக்கும்.

கரும்பலகையும் இவர் யோசனைதான். புத்தகத்தைக் கெடுப்பவர் பேர் ஏழு நாள் அதில் இருக்க வேண்டும். "அது யாரா இருந்தாலும் சரி" என்று மேசையைத் தட்டிச் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

முதல் பேரே தையல்காரம்மாவுடையது. தடித்த நாவல் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து, "அண்ணே, இதுல முடிவக் காணோமே. முந்நூத்திப் பன்னண்டு பக்கம்னு முன்னால போட்டிருக்கு, முந்நூத்தி எட்டோட நிக்குது" என்றார். அந்தம்மா வீட்டில் இரண்டு வாண்டுகள் இருப்பது இவர் ஞாபகத்துக்கு வந்தது. "எங்கையால ஒட்டிக் குடுத்த புத்தகம்மா இது. போகும்போது முழுசாத்தான் போச்சு. புள்ளைங்க கையில குடுத்துட்டு, இங்க வந்து காணோம்னா?" அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் பார்க்க, சாக்பீஸை எடுத்து வாய் கூசாமல் படித்துக்கொண்டே எழுதினார்: பக்கம் கிழித்தவர், தையல்காரம்மா. அந்தம்மா தன்னிடமிருந்த நூலகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஏழாம் நாள் அதே நாவல் இவர் கையில் அகப்பட்டது. முன்னட்டையைவிடப் பின்னட்டை கனமாக இருந்தது. நகத்தால் நெம்பினார். கடைசி இரண்டு தாளும் எந்தக் காலத்து ஈரத்திலோ அட்டையோடு ஒட்டிக் கிடந்திருக்கின்றன. இவர் அதைப் பார்க்காமல் அவற்றின் மேலேயே பழுப்புத்தாளை ஒட்டியிருக்கிறார். பெட்ரோலைத் தொட்டுத் தொட்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பிரித்தார். நாலு பக்கமும் பத்திரமாக வந்தன. இவருக்குத்தான் காற்று இறங்கிப்போயிற்று.

அன்றே பலகையை அழித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அழித்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தார், தீரவில்லை. அந்தம்மா தெருவில் வந்தால் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்துகொள்கிறார். "ஏன்யா அந்தம்மா வர்றதில்ல?" என்று கொத்தனார் கேட்டால், "வேல இருக்கும்" என்கிறார். இந்த வயதில் இப்படி ஒளிந்து திரிவது இவருக்கே கேவலமாக இருக்கிறது. சோற்றில் கை வைத்தால் அந்தப் பலகை எழுத்துதான் கண்முன்னால் நிற்கிறது.

இன்று பலகையைத் துடைத்த கையோடு, நாவலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தையல் கடைக்குப் போனார்.

"வாங்க. என்ன தைக்கணும்?" என்றார் அந்தம்மா. அதில் 'அண்ணே' இல்லை. இவருக்குச் சுருக்கென்றது.

"பக்கமெல்லாம் இருக்கும்மா. நாந்தான் மேல தாள ஒட்டித் தொலைச்சிட்டேன். புள்ளைங்க ஒண்ணும் பண்ணல."

மிஷின் நின்றது. அந்தம்மா புத்தகத்தை வாங்கி, நின்றபடியே நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். இவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். 'பரவாயில்லண்ணே' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றிருந்தது. அது வராமல் போகவே, "நாலு வார்த்த திட்டிடும்மா, கேட்டுக்கறேன்" என்றார்.

அந்தம்மா புத்தகத்தை மூடினார். துணியில் கோடு போடுகிற சாக்பீஸை மேசையிலிருந்து எடுத்து இவரிடம் நீட்டினார்.