தாய்லாந்து வேலைக்கு ஒரு முகம்

ஆவடி ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இருந்துகொண்டு, வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு இங்கிலீஷ் டீச்சர்களை அனுப்பும் ஏஜென்ட் அவர். கசங்காத வெள்ளைச் சட்டை, சாயம் பூசிய மீசை. யார் வந்து பேசத் தொடங்கினாலும் செல்போன் கேமராவை அவர்கள் முகத்துக்கு நேரே பிடித்துவிடுவார்.

பல வருடம் பாடம் நடத்திய தைரியத்தில் கேட்டேன். "தாய்லாந்துல கவர்மென்ட் ஸ்கூல் நல்லதா, பிரைவேட்டா சார்?"

"கவர்மென்ட்னா கிராமம், கிளாஸுக்கு அம்பது பசங்க, சம்பளம் கம்மி. பிரைவேட்ல ஏசி ரூமு, டபுள் சம்பளம். ஆனா அங்க பேரன்ட்ஸ் ஃபீஸ் கட்றதே வெள்ளக்கார மூஞ்சிக்குத்தான்." போனைத் திருப்பி என் முகத்தை எனக்கே காட்டினார். "உன் இங்கிலீஷ் சூப்பரா கீதும்மா. மூஞ்சிதான் இங்கிலீஷா இல்ல."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

வீம்புக்கு நானே பாங்காக்கில் ஒரு தனியார் பள்ளிக்கு விண்ணப்பித்தேன். போனில் பேசிய அம்மாள் என் உச்சரிப்பை வாயாரப் புகழ்ந்தாள். மறுநாள் வீடியோவில் என் முகம் தெரிந்ததும், இடம் நிரம்பிவிட்டது என்றாள்.

வேறு வழியில்லாமல் அவரிடமே திரும்பப் போனேன்.

"கிராமம்தான். கொசு ஜாஸ்தி. போறியாம்மா?" என்றார். அவ்வளவுதான்.

"நான் அப்பவே சொல்லல?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த மனிதரை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.