மேலேயிருந்து இறங்கி வந்த போட்டோ

ஸ்கேனர் மூடிக்கு அடியில் வெளிச்சம் மெதுவாக நகரும்போது சூடான பிளாஸ்டிக் வாசம் ஒன்று வரும்... அது ஞாபகம் இருக்கிறவங்க இங்கே எத்தனை பேர்?

தொண்ணூறுகளின் கடைசி. நாகமலை புதுக்கோட்டையில் பஸ் ஏறி, டவுன்ஹால் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு வேலைக்குப் போவேன். மதுரையில் வெப்சைட் செய்யத் தெரிந்த பத்துப் பேரில் நானும் ஒருத்தன் என்று ஒரு நினைப்பு. மீதி ஒன்பது பேர் யாரென்று எனக்குத் தெரியாது.

என் முதல் சைட் கப்பலூரில் ஒரு நட்டு போல்ட் கம்பெனிக்கு. கம்பெனி பேரை மின்ன விட்டேன், ஓட விட்டேன், பின்னால் மழையும் பெய்ய விட்டேன். நட்டு போல்ட் மட்டும் எங்கேயும் தெரியவில்லை. முதலாளிக்கு ரொம்பத் திருப்தி.

அதைப் பார்த்துவிட்டுத்தான் கூடப் படித்த மோகன் வந்தான். சௌராஷ்டிரா வீட்டுப் பையன். விளக்குத்தூண் பக்கம் அவன் அப்பாவுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. அந்தக் கடைக்கு ஒரு சைட் வேண்டும் என்றான்.

முதல் பக்கத்தில் அவன் அப்பா ஒரு சேலையை விரித்துப் பிடித்து நிற்கிற மாதிரி போட்டோ போடலாம் என்று நான்தான் சொன்னேன். மோகன் புதுச் சரக்கில் பத்துச் சேலை எடுத்துப் போட்டான். அவர் ஒன்றையும் தொடவில்லை. பீரோவைத் திறந்து, வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்தார். மயில்கழுத்துக் கலர், வெள்ளைப் புள்ளி. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போட்டோவை ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் சேலையின் கீழ் மூலையில் நாலைந்து வரிசைப் புள்ளிகள் கோணலாக இருந்தன. நான்தான் பெரிய டிசைனர் ஆச்சே... கம்ப்யூட்டரிலேயே நேராக்கிவிடவா என்று அவரிடம் கேட்டேன்.

"அதுல கை வைக்காத தம்பி. எப்படி இருக்கோ அப்படியே போடு."

அவர் சொன்ன வேகத்தில் படத்தின் சைஸைக்கூடக் குறைக்காமல் அப்படியே ஏற்றிவிட்டேன். ஒரே படம் பாதி பிளாப்பியை அடைக்கும், நெட்டில் இறங்க யுகமாகும். எங்கள் தொழிலில் அது மகா பாவம்.

சைட் வெளிநாட்டில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று அங்கே இருக்கும் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். மோகன் என்னைத் தனியாகக் கூட்டிப்போனான். அவன் அக்கா ஹேமா அமெரிக்காவில் இருக்கிறதாம். கூட வேலை பார்த்தவரைத் தானாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டதிலிருந்து, மூன்று வருஷமாக அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா போன் என்றாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

"நீ பேசு மாப்ள. வேலை விஷயம்னா எந்திரிச்சுப் போகமாட்டாரு."

மறுநாள் காலை, கடை திறந்த கையோடு போன் போட்டோம். ஹேமா அக்கா வீட்டில் கம்ப்யூட்டருக்கென்றே தனியாக இன்னொரு போன் லைன், பேசிக்கொண்டே நெட்டும் பார்க்கலாம்! அதற்கே நான் வாயைப் பிளந்தேன். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேலை மடித்தார்.

அங்கே அக்கா ஸ்கிரீனில் படம் மேலேயிருந்து கோடு கோடாக இறங்கியது. அக்கா சொல்லச் சொல்ல நான் சத்தமாகச் சொன்னேன். கடை போர்டு தெரியுதாம்... ஃபேன் தெரியுதாம்... அப்பா தலை தெரியுதாம்...

"முடியெல்லாம் நரைச்சுப் போச்சே" என்று அக்கா மெதுவாகச் சொன்னதை மட்டும் நான் சொல்லவில்லை.

நெற்றியோடு படம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதோ இங்கே நிற்கிற மனுஷனின் நெற்றி அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது, மூக்கு இன்னும் வழியில் இருக்கிறது! நான் செய்த வேலைதான்... ஆனாலும் நம்ப முடியவில்லை.

அப்புறம் முகம் வந்தது. கை வந்தது. சேலை வர ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

அப்பா முதல் தடவையாகத் திரும்பினார். "எம்புட்டு வந்திருக்கு?"

அந்த நேரம் அக்கா குரல் கேட்டது. "அந்தக் கோணல் புள்ளி... அது நான் கட்டுன முடிச்சு. ஏழாப்பு படிக்கிறப்ப கட்டுனேன். என் கல்யாணத்துக்குத் தாரேன்னு எடுத்து வச்சாரு."

சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் சாயம் போடுமுன் கையால் நூல் சுற்றிக் கட்டுகிற முடிச்சு. எனக்கு அப்போதுதான் விளங்கியது. கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

அவர் வந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார். அவங்க சௌராஷ்டிரா பாஷையில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. மோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"முழுசா தெரியுதாம்மான்னு கேக்குறாரு மாப்ள."

படத்தை ஒழுங்காகச் சின்னதாக்கிப் போட்டிருந்தால் பத்து விநாடியில் வந்திருக்கும். அக்காவும் நல்லா இருக்கு தம்பி என்று சொல்லிவிட்டு போனை வைத்திருக்கும்... இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பிரமிப்புதான்.

அந்த சைட் இப்போது இல்லை. நானும் இன்று ஆபீஸில் ஒரு படம் வர மூன்று விநாடி ஆனால் பசங்களைப் போட்டு வறுத்தெடுக்கிற ஆள்தான்.

போன வாரம் மோகன் போனில் ஒரு போட்டோ அனுப்பினான். ஹேமா அக்கா மகள் அந்தச் சேலையைக் கட்டி, முந்தானையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தொட்ட உடனே மொத்தப் படமும் வந்துவிட்டது. எனக்கு என்னமோ போல இருந்தது.

உள்ளங்கையை வைத்து ஸ்கிரீனை மூடினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். தலை... நெற்றி... தாத்தாவின் அதே மூக்கு... கை...

முந்தானை மூலை வந்தபோது கையை இன்னும் மெதுவாக நகர்த்தினேன். இருந்தது, அந்த நாலைந்து வரிசையும். கோணலாகவே.