பசி ஆறிவிட்டது என்றேன்

எழுத்து கோணலாக இருக்கும், வரி கீழே இறங்கிப் போகும்; பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்கு மேல் தமிழ் எழுதக் கற்றவன் நான். பதினாறாம் நாள் பிரார்த்தனைக்கு வரும் உறவினர்களுக்காக, யாரையும் எழுதித் தரச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். துக்க வீட்டில் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் அதில் எனக்கு மகிழ்ச்சி.

என் மகளின் மாமியார் பாக்கியம் அம்மாள் காலமான செய்தி வந்தபோது, கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை எழுத்து வகுப்பில் இருந்தேன். மருமகன் ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்தார். ஆசிரியை என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு எழுந்தேன்.

பாக்கியம் அம்மாளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் எடுத்தவர்களின் மகள். தம்போய்க்கு வந்து தொழிற்சாலையில் வேலை செய்தார். கணவர் போன பிறகு தனியாளாக மகனைப் படிக்க வைத்தார். பிறகு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தார். குரல் பெரிது. அடுத்த வீட்டுச் சீனர் அந்தக் குரலைக் கேட்டே கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டார்.

என் மனைவி இறந்தபின் மகள் என்னைப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கடல் கடந்து இங்கே, தம்போய்க்கு அழைத்து வந்தாள். பெண் கொடுத்த வீட்டில் தங்குவது எனக்குக் கூச்சம். முதல் நாள் விடியுமுன்னே மகளும் மருமகனும் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். பாக்கியம் அம்மாளும் வேலைக்குப் புறப்பட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டார்: "பசியாறியாச்சா, சம்பந்தி?"

எங்கள் ஊரில் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள். பசி தணிந்துவிட்டதா என்று கேட்கிறார் என நினைத்தேன். இல்லை என்றால் சோறு கேட்டதாகிவிடும். "ஆறிருச்சும்மா" என்றேன். "சரி" என்று போய்விட்டார்.

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மதியம் அவர் வந்து சமைக்கும்வரை பச்சைத் தண்ணீர்தான். சம்பந்தி வீட்டு அடுக்களையில் பாத்திரத்தைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை. நான் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தேன். காரணத்தைச் சொன்னால் மகள் வாழ்கிற வீட்டில் சண்டை வரும். ஆகவே ஒரு மாலை, "எனக்கு டிக்கெட்டுப் போட்டுரும்மா, ஊருக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னேன். மகள் அழுதாள்.

பாக்கியம் அம்மாள் கரண்டியோடு வந்தார். "என்ன கொற வச்சோம் சம்பந்தி? வாயத் தொறந்து சொல்லுங்க லா!"

எனக்கும் பொறுமை போய்விட்டது. "பசி ஆறிருச்சான்னு தெனம் கேக்குறீங்களே, ஒரு இட்லி குடுத்தீங்களாம்மா?"

"அலமாக்! பசியாறுறதுன்னா காலையில சாப்புடுறது சம்பந்தி! நீங்களும் ஆறிருச்சு ஆறிருச்சுன்னீங்களே! ஒங்க பொண்ணு குடுத்துட்டுத்தான் போவுதுன்னு நெனச்சேன்!"

"நீங்க குடுப்பீங்கன்னு நான் நெனச்சேன் அத்தை" என்றாள் மகள்.

"நல்லா நெனச்சோம் ரெண்டு பேரும்!" தலையில் அடித்துக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். "டிக்கெட்டு போடுறதுன்னா போட்டுக்குங்க. வெறும் வயித்தோட யாரும் என் வீட்டுலேருந்து பிளேன் ஏறக்கூடாது. காலையில பசியாறிட்டுப் பேசலாம்."

காலையில் அவர் வேலைக்குத் தாமதமாகப் போனார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். டிக்கெட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. அதன் பிறகும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். சொல்லச் சொல்ல நாட்கள் கூடின. கடைசியாகக் கேட்டபோது நான் ஒரு மாதம் பட்டினி கிடந்திருந்தேன். நான் மறுக்கவில்லை.

நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை.

இறுதிச் சடங்கன்று வாசலில் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சிகாமட்டிலிருந்து வந்த அவருடைய உறவினர் ஒருவர் என்னை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க எந்த ஊரு?"

"தம்போய்" என்றேன். "இந்த வீடுதான்."

சென்று வாருங்கள், சம்பந்தியம்மா.