ஐந்தரை மணி மாத்திரை

போதகர் "எல்லாரும் எழுந்து நிற்போம்" என்றார். சபை எழுந்தது. நான் முயன்றுகொண்டிருந்தேன். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் என் கால்கள் சம்மதித்தன. தன்னந்தனியாக நிமிர்ந்து நின்றேன். சாட்சி சொல்ல எழுந்திருக்கிறேன் என்று எண்ணிய போதகர் மைக்கை நீட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, உட்கார இன்னொரு நிமிடம் எடுத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த தங்கச்சி பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்குப் பார்க்கின்சன் என்று டொக்டர் சொல்லி அப்போது இரண்டு வருடம். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஓய்வு பெறும்வரை கணக்குப் படிப்பித்தவள் நான். கை நடுக்கம் போன்ற மற்றத் தொல்லைகளை எப்படியோ சமாளித்தேன். காலைநேர விறைப்புத்தான் மானத்தை வாங்கியது. விழிப்பு ஐந்தரைக்கே வந்துவிடும். அதன்பிறகு ஹட்டன் குளிரில், மூன்று போர்வைக்கு அடியில், பலகை மாதிரிக் கிடப்பேன். மூக்கு அரித்தால் கர்த்தர் விட்ட வழி.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தங்கச்சி கணவனை இழந்தவள். நான் அந்த வம்புக்கே போகாதவள். ஆறரைக்கு வந்து என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவாள்.

"நீங்க மனசு வச்சா எந்திரிக்கலாம்க்கா."

"மனசு எந்திரிச்சு ஒரு மணித்தியாலம் ஆச்சு. ஒடம்புதான் வரல."

பிறகு ஜெபம். தங்கச்சியின் ஜெபத்தில் அரசாங்கம், தோட்டத்துத் துரை, அயல்வீட்டு நாய் எல்லாம் வரும். அதன்பிறகு ரொட்டி, பருப்பு, அவித்த முட்டை, பால்மா போட்ட தேத்தண்ணி. அவ்வளவும் முடிந்து எட்டு மணிக்கு மாத்திரை. வெறும் வயிற்றில் மருந்து போனால் குடல் வெந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. நான் நடமாடும்போது ஒன்பதரை ஆகிவிடும்.

அடுத்த கிளினிக்கில் புதிதாக ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தார். எத்தனை மணிக்கு மாத்திரை, எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி முட்டை வரைக்கும் ஒப்பித்துவிட்டாள். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முட்டையும் பாலும் பருப்பும் இந்த மருந்தை உடம்பில் சேரவிடாமல் இடையில் மறிக்கும் என்றார். கண் விழித்ததும், கட்டிலில் இருந்தபடியே, தண்ணீரோடு முதல் மாத்திரை. முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் சாப்பாடு. முட்டையை இராச்சாப்பாட்டுக்குத் தள்ளிவிடலாம். அளவை மட்டும் நானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எந்த நேரம் உடம்பு எப்படி என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

பஸ்ஸில் தங்கச்சி பொங்கினாள். "அந்தப் புள்ளைக்கு என்னா வயசு இருக்கும்? ஜெபம் பண்றதுக்கு முந்தியே மருந்து குடிக்கணுமாம்!"

"ஜெபம் பண்ணிட்டுக் குடிச்சு ரெண்டு வருசம் பாத்தாச்சுல்ல. மாத்திப் பாப்போம்."

முதல் நாள் மாத்திரை என் விரலிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. தங்கச்சி டோர்ச் அடித்துக்கொண்டு, கர்த்தரையும் என்னையும் மாறி மாறிக் கூப்பிட்டபடி தவழ்ந்து எடுத்தாள். இரண்டாம் நாள் குமட்டியது. டொக்டர் அனுமதித்திருந்தபடி இரண்டு பிஸ்கட் கடித்தேன். ஐந்தாம் நாள் ஆறு இருபதுக்கு மூக்கு அரித்தது. சொறிந்தேன். அட! புரண்டேன், உட்கார்ந்தேன், காலைத் தரையில் வைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, கர்த்தரே!"

"கர்த்தர் இல்ல. நான்தான்."

அவள் கையிலிருந்த மாவு கீழே விழுந்தது. இருவரும் சிரித்தோம். அவள் கொஞ்சம் அழவும் செய்தாள்.

வினை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதிகாலையில் போட்ட மருந்து பத்து மணிக்கே வேலையை முடித்துக்கொண்டது. அடுத்த மாத்திரை ஒரு மணிக்கு. நற்கருணைக்கு முழங்காலிட்டவள் எழும்ப முடியாமல் அங்கேயே இறுகிப்போனேன். பின்னால் வரிசை காத்து நின்றது. அடுத்த சுற்று வந்த போதகர் எனக்கு இரண்டாம் தடவையும் அப்பத்தை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன். கடைசியில் இரண்டு பெண்கள் தூக்கி விட்டார்கள்.

கொப்பியில் நேரத்தோடு இதையும் எழுதியிருந்தேன். டொக்டர் வாசித்துச் சிரித்துவிட்டு, இரண்டாம் மாத்திரையைப் பத்து மணிக்கு முந்தி வைத்தார். மற்றவற்றையும் அதற்கேற்ப நகர்த்தினார். இப்போதும் சில காலைகள் மக்கர் பண்ணும். ஆனால் பெரும்பாலும் நானே எழுந்துவிடுகிறேன்.

தங்கச்சி மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தாள். ஆறரைக்கு என் கதவடியில் வந்து சும்மா நிற்பாள். வேலை போன கவலை என்று நினைத்துக் கேலி செய்தேன். ஒருநாள் அவள் தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கக் குனிந்து, அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பயிருந்துடி?"

"ஒங்களத் தூக்க ஆரம்பிச்சதுல இருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒங்கள யாரு தூக்குறது?"

அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன்.

அந்த வாரமே அவளை டொக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது காலையில் அவள் குப்புறப் படுக்க, நான் தைலம் தேய்த்துவிடுகிறேன். என் வலது கை இன்னமும் நடுங்குகிறது.

"நல்லா இருக்குக்கா, மிசின் மாதிரி," என்கிறாள். "நிப்பாட்டிறாதீங்க."

நிப்பாட்ட நினைத்தாலும் அது நிற்காது என்கிறேன்.