சக்கரம் உட்கார்ந்த ஏழு நாள்

சும்மா உட்கார்ந்திருந்தாளாம்! அதையும் முழுசாகச் செய்யவில்லையாம். ஏழாம் நாள், ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போதே எழுந்து நடையைக் கட்டிவிட்டாளாம். பிள்ளைகளிடம் பந்தயம் வைத்த பதக்கங்களையும் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டாளாம். நூலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரம்மா, துணி கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் அளவெடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறாள். ஊசியளவு பார்த்ததை உலக்கையளவாகத் தைத்துக் கொடுப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

அவள் பார்த்தது பொய் என்று யார் சொன்னது? எழுந்தது உண்மை, போனது உண்மை, இருபது நிமிடம் பாக்கி இருந்ததும் உண்மை. ஆனால் தெருவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நூலகத்துச் சன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவளுக்கு வாய் அசைவது தெரியும், சத்தம் கேட்குமா? சங்கதி முழுக்கச் சத்தத்தில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட இன்று வரை பதக்கம் எங்கே என்று கேட்கவில்லை. தோற்றவர்களே வாயைத் திறக்காதபோது இவளுக்கு என்ன வந்தது?

சரி, முதலிலிருந்தே வருவோம். சக்கரம் என்பது அவளைப் பெற்றவள் வைத்த பெயர். "இதுக்குக் கால்ல சக்கரம் கட்டித்தான் அனுப்பிருக்கு" என்று சொல்லிச் சொல்லி, பதிவேட்டில் இருந்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோனது. மூன்றாம் வகுப்பில் எடுத்த படம் ஒன்று இன்னும் இருக்கிறது. முப்பது முகம் தெளிவாக இருக்கும், ஓரத்தில் ஒன்று மட்டும் ஈரத் துணியால் துடைத்தது மாதிரி கலைந்திருக்கும். அதுதான் இவள். படம் பிடிக்கிறவர் மூன்று எண்ணுவதற்குள் திரும்பிவிட்டாள்.

"ஒரு இடத்துல உக்காருறியா இல்லையா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த டீச்சர் அவளை வெளியே நிற்க வைத்தார். நிற்கவா தெரியும்? வகுப்புக்கு வெளியே மைதானம் இருந்தது. எட்டாவதோடு படிப்பு நின்றது. கால் நிற்கவில்லை. ஊரில் நடக்கிற பத்து கிலோமீட்டர் ஓட்டங்களில் ஓடி ஒன்பது பதக்கம் வாங்கினாள். ஒன்பதும் சமையலறை ஆணியில், கரண்டிகளோடு தொங்கும். கரண்டியை எடுத்தால் பதக்கம் குலுங்கும். அவளும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. விடிவதற்கு முன் ஆரம்பித்து மதியம் ஒரு மணிக்கு முடியும். வெளுத்த விரிப்புகளை அடுக்கிய வண்டியை வார்டு வார்டாகத் தள்ள வேண்டும். மற்றவர்கள் லிஃப்டுக்குக் காத்திருப்பார்கள். இவள் சாய்வுப் பாதையில் வண்டியோடு ஏறி, அவர்களுக்கு முன்னால் மேலே நிற்பாள். லிஃப்ட் பழுது பார்க்க வந்தவன் ஒருநாள் இதைப் பார்த்துச் சிரித்தான். அவனையே கட்டிக்கொண்டாள். "நான் மேல கீழ போறவன், இவ முன்ன பின்ன போறவ. எங்க ரெண்டு பேருக்கும் எங்க மோதப்போகுது?" என்பான்.

எழுத்து தெரியாதவள் இல்லை. பஸ் பலகை படிப்பாள், வார்டு பெயர் படிப்பாள். ஆனால் ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால் மூன்றாவது வரியில் கண் எழுந்து ஓடிவிடும். ஒரு கதையையாவது கடைசி வரைக்கும் போய்ப் பார்த்ததில்லை. அதை அவள் பெரிய குறையாகவும் நினைத்ததில்லை, மகள் வயிற்றில் வந்து பிறக்கும் வரைக்கும்.

மகளுக்கு எட்டு வயது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. போன வருடம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புருஷன் படித்துக் காட்டினான். "உங்கள் மகள் ஒரு இடத்தில் உட்காருவதில்லை. இப்படியே போனால் படிப்பு ஏறுவது கடினம்." விரிப்பு மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் கை நின்று அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அதே வார்த்தை," என்றாள். "எனக்குச் சொன்ன அதே வார்த்தைங்க."

அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறியது பள்ளியில் இல்லை, தெருக்கோடியில் இருக்கிற இரண்டு அறை நூலகத்தில். அங்கே இருந்த நூலகர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிற ஒல்லி மனிதர், முதல் நாளே ஒன்றைக் கண்டுபிடித்தார். பிள்ளையை உட்கார வைத்தால் எழுத்து ஓடுகிறது, நடக்க விட்டால் எழுத்து நிற்கிறது.

"நடந்துகிட்டே படிக்கட்டும்மா," என்றார். "அலமாரியில முட்டிக்காம இருந்தா சரி."

அலமாரிகளுக்கு நடுவில் போவாள், வருவாள், புத்தகம் முகத்துக்கு நேரே. ஐந்து மாதத்தில் படப் புத்தகத்திலிருந்து படமே இல்லாத புத்தகத்துக்கு வந்துவிட்டாள். அந்த டக் டக் என்ற காலடிச் சத்தம் கேட்டால் தாய்க்கு வயிறு குளிரும். சத்தம் இருந்தால் பிள்ளை படிக்கிறது என்று அர்த்தம்.

இந்த நேரத்தில்தான் நூலகத்தை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதிகாரி வந்தார், காலி நாற்காலிகளை எண்ணினார். "ஆளே இல்லாத இடத்துக்கு வாடகை எதுக்கு? மாசக் கடைசி ஏழு நாள் பள்ளிக்கூடம் லீவு. அப்பவும் ஆள் வரலேன்னா பூட்டிடுவோம். ஏழாவது நாள் நானே வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நூலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நடந்துகொண்டே படிக்க அங்கே யார் விடுவார்கள்?

சக்கரத்துக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. ஓடுவது. அவளுடைய ஓட்டக் கழகத்தில் சொன்னாள். அவர்களும் நல்லவர்கள்தான். ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு இருநூறு பேர் நூலகத்துக்காக ஓடினார்கள். இவள் முதலாவதாக வந்தாள். மூட்டை மூட்டையாகப் புத்தகம் சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் பாதி பழைய பரீட்சைக் கையேடு. ஒன்று துணி துவைக்கிற இயந்திரத்தோடு வந்த விளக்கப் புத்தகம். போகட்டும், அது இவளுக்காவது உதவும். எல்லோரும் நூலகத்துக்கு முன்னால் ஓடினார்கள், படமெடுத்துக்கொண்டார்கள், போனார்கள். உள்ளே யார் நுழைந்தார்கள்? மறுநாள் அங்கே இருந்தது நூலகரும், மகளும், மேலே ஒரு மின்விசிறியும்.

வாசல் படியில் பிள்ளைகள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்திக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தது. தெருவே அவளை உண்டியல் என்று கூப்பிடும். பனியனைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்த சக்கரத்தை உண்டியல் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ஓடுறத எத்தன தடவக்கா பாக்குறது? மீன் நீந்துதுன்னு யாராவது கை தட்டுவாங்களா?"

"வேற என்னடி பண்ணணும்?"

"ஒரு நாள் சும்மா உக்காந்து காட்டுங்க. உங்களால முடியாது."

எல்லாம் சிரித்தன. சக்கரம் சிரிக்கவில்லை. தலையில் யாரோ குட்டின மாதிரி நின்றாள். பிறகு உள்ளே போய் ஒரு மர நாற்காலியை இழுத்துவந்து சன்னல் கண்ணாடிக்கு உள்ளே, தெருவைப் பார்த்துப் போட்டாள்.

"ஏழு நாள். ரெண்டு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும். நீங்க சத்தமாப் படிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். யாராவது ஒருத்தர் படிச்சுக்கிட்டே இருக்கணும். படிப்பு நின்னு நூலகர் சார் பத்து எண்ணிட்டா எனக்கு விடுதலை, நான் ஓடலாம். நீங்க படிக்கும்போதே நான் எந்திரிச்சேன்னா, என் ஒன்பது பதக்கமும் உங்களுக்கு."

இதை விடுவார்களா பிள்ளைகள்? ஓடுகிற மாட்டைக் கட்டிப்போட ஒரு கயிறு கிடைத்துவிட்டது அவர்களுக்கு.

முதல் நாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஆனால் படிப்பு எங்கே வந்தது? ஒருத்தன் ஒரு வரியில் திக்குவான், சார் எண்ணுவார், பத்து என்றதும் இவள் அம்பு மாதிரி பாய்ந்து தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்காருவாள். அன்றைக்கு மட்டும் பதினொரு சுற்று. தையல்காரம்மா அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். "வேலையிலேருந்து வந்து சோறாக்காம, கண்ணாடிக்குள்ள பொம்மை மாதிரி உக்காந்துட்டு ஓடுறா. எல்லாம் பேர் வாங்கத்தான்."

பிள்ளைகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் பழகினார்கள். மறுநாள் தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று ஆள் சேர்த்து வந்தார்கள். முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் குடிக்கும்போது அடுத்தவன் தயாராக வாயைத் திறந்து நிற்பான். குண்டுப் புத்தகமாகத் தேடினார்கள், அதுதான் சீக்கிரம் தீராது. அன்றைக்கு ஏழு சுற்று, மூன்றாம் நாள் நாலு, நாலாம் நாள் ஒன்றே ஒன்று.

இவள் பட்ட பாடு இவளுக்குத்தான் தெரியும். முழங்காலுக்குள் எறும்பு ஊர்ந்தது. பாதம் தானாகத் தரையைத் தட்டும். "காலாட்டினா கணக்குல சேராது!" என்று இருபது வாய் கத்தும். இரண்டு கையாலும் தொடையை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். தெருவில் ஒரு நாய் ஓடினால்கூடப் பொறாமையாக இருக்கும். இராத்திரி புருஷன் காலைப் பிடித்துவிட்டான்.

"ஓட்டத்துக்குக்கூட இப்படி வீங்கலையே. வேணாம்னு விட்டுடேன்," என்றான்.

"விட்டா நூலகம் போயிடும். அது போனா நம்ம பிள்ளை எங்கங்க நடக்கும்?"

அவன் இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் உண்டியல் ஒரு கதை கொண்டுவந்தாள். மழைக்குப் பயந்து ஒரு தவளை குடைக்குள்ளேயே குடியிருக்கிறதாம். பல் இல்லாத வாயில் காற்றுப் போக, விசில் விசிலாகப் படித்தாள். குடையில் ஓட்டை விழுந்துவிட்டது. முதல் துளி தவளையின் முதுகைப் பார்த்து இறங்குகிறது. அங்கே நிறுத்திவிட்டாள் கள்ளி. வேண்டுமென்றேதான்.

"ஒண்ணு... ரெண்டு..." சார் எண்ணினார். பத்து வந்தது. பதினொன்றும் வந்தது. சக்கரம் நாற்காலியில் முன்னால் சாய்ந்தபடி இருந்தாள்.

"அடியே, தவளை என்னாச்சு?"

"எந்திரிக்கல! பத்து ஆயிடுச்சு, அக்கா எந்திரிக்கல!" கூரை பறந்தது. அன்றைக்கு அவள் முகம் சிவந்ததை மகள் மட்டும் பார்த்தாள். தவளைக் கதையின் மிச்சத்தைச் சொல்ல உண்டியல் மறுத்துவிட்டாள். "வேணும்னா நீங்களே படிச்சுக்கங்க."

ஏழாம் நாள் நாற்காலி போதவில்லை. தரையில், படியில், அலமாரிக்கு இடையில் எல்லாம் பிள்ளைகள். ஐந்து மணிக்கு அதிகாரி வந்தார். தாண்டித் தாண்டித்தான் உள்ளே வர முடிந்தது. ஒரு பையன் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். மற்ற பிள்ளைகள் தங்கள் முறைக்கு ஆயத்தமாக ஆளுக்கொரு புத்தகத்தில் முகம் புதைத்திருந்தார்கள். கண்ணாடி ஓரம் விறைத்து உட்கார்ந்திருந்தவளை அவர் பார்த்தார்.

"இவங்க யாரு?"

உண்டியல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "அவங்க சும்மா உக்காந்திருக்காங்க சார்."

அதிகாரி இரண்டு அறையையும் சுற்றினார். போகும்போது நூலகரிடம் நின்றார். "என்ன சார், நாற்காலி பத்தலையே? இன்னும் பத்துக்கு எழுதி அனுப்புங்க. பூட்டுறதுக்கு இல்ல, உக்காருறதுக்கு."

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். சக்கரத்துக்கு நெஞ்சுக்குள் மைதானமே ஓடியது. ஆனாலும் எழவில்லை. பந்தயம் பந்தயம்தான். ஆறு மணி வரைக்கும் அவள் பிள்ளைகளின் கைதி.

ஐந்து நாற்பதுக்குச் சத்தமாகப் படித்தவன் புத்தகத்தை முடித்தான். அடுத்து உண்டியலின் முறை. அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் கண் ஒரு பக்கத்தில் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அடுத்தவனும் வாயைத் திறக்கவில்லை. யாருமே திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வப்போது ஒரு தாள் புரளும்.

நூலகர் நிமிர்ந்து பார்த்தார். எண்ண வேண்டும். சத்தமாக எண்ண அவருக்கு மனம் வரவில்லை. உதட்டை மட்டும் அசைத்து விரலை மடக்கினார். ஒன்று, இரண்டு... இதைத்தான் தையல்காரம்மா பார்த்திருக்கிறாள். "போகாதம்மா போகாதம்மான்னு அந்த மனுஷன் கெஞ்சினார்" என்று இன்றைக்கும் சொல்கிறாள். அவர் எண்ணினார். பத்தாவது விரல் மடங்கியது.

சக்கரம் காத்திருந்தாள். யாராவது நிமிர்ந்து "ஐயோ, விட்டுட்டோமே!" என்று கத்துவார்கள் என்று பார்த்தாள். ஏழு நாள் அவளைக் கட்டி வைத்த இத்தனை பேருக்கும் அவள் அங்கே இருப்பதே மறந்துபோயிருந்தது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது, இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்த டக் டக் சத்தம் கேட்கவில்லை. பதறித் திரும்பினாள். இரண்டாவது அலமாரிக்குப் பக்கத்தில் மகள், ஒரு காலை மடக்கிக் கொக்கு மாதிரி நின்றிருந்தாள். கையில் குடைப் படம் போட்ட அட்டையோடு அந்தத் தவளைப் புத்தகம். நடை பாதியில் நின்று எவ்வளவு நேரமானதோ, அதுவே அவளுக்குத் தெரியாது.

தவளை என்னாச்சு என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், ரப்பர் அடி தரையில் கீச்சிடும். நாற்காலி முனகாமல் மெதுவாக எழுந்தாள். பிள்ளைகளின் கால்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்து அடி வைத்து, கதவைத் திறந்து, சத்தமில்லாமல் சாத்தினாள்.

எதிர்க்கடையில் தையல் இயந்திரம் நின்றது. தையல்காரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

தெரு காலியாக, நீளமாக, ஓடச் சொல்லிக் கிடந்தது. அவள் காலணியைக் கையில் பிடித்தபடி நடந்தே போனாள்.